ஒன்றுமே அசையக் கூடாது

இந்த ஏப்ரலில் நுவரெலியா முழுவதும் என் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டே ஆக வேண்டும். தைப்பொங்கலன்று, பானை பொங்கும் நேரம் பார்த்து இந்தச் சபதத்தை எடுத்தேன். மனதுக்குள்தான் எடுத்தேன். வாய் விட்டு எடுத்திருந்தால், "சபதமெல்லாம் இருக்கட்டும், அந்த வெறக உள்ள தள்ளுங்க" என்று ஜெயந்தினி சொல்லியிருப்பாள்.

ஜெயந்தினி என் மனைவி. லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை மடுவத்துக்குப் பொறுப்பு. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகள் அத்தனையையும் ஒரே பார்வையில் உட்கார வைத்துவிடுவாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பார்வையை மாற்றிக்கொள்வதில்லை. நான் அதே தோட்டத்து ஃபெக்டரியில் ஸ்டோர்கீப்பர். பெயர் யோகராஜா. ராஜா பெயரோடு சரி. எங்கள் வீட்டில் துரையும் அவள்தான், துரைக்குக் கீழே வேலையை மேய்க்கிற கண்டாக்கும் அவள்தான். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் நிற்கிற ஒரே ஆள் நான்.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் மலையேற்றக் கார்ப் போட்டி நடக்கும். வளைந்து வளைந்து ஏறும் ரோட்டில் ஒவ்வொரு காராக விடுவார்கள். சீக்கிரம் உச்சிக்குப் போகிறவன் பெயரை மைக்கில் மூன்று மொழியிலும் முழங்குவார்கள். வருஷா வருஷம் வேலியோரம் நின்று, அவித்த சோளத்தைக் கடித்தபடி, ஊரான் பெயரைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

என்னிடமும் ஒரு கார் இருந்தது. சின்னக் கார். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். பின்னால் வரும் பால் லொறி ஹோர்ன் அடித்தே எங்களை மேலே தள்ளும். டிக்கோயாவில் கராஜ் வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன் றுமைஸ் நானா, எங்கேயோ மரத்தில் மோதி நசுங்கிய ஒரு பெரிய காரின் எஞ்சினைக் கொண்டுவந்து அதற்குள் இறக்கினார். கூடவே ஒரு டர்போவும் பூட்டினார்.

முதல் நாள் மிதித்தேன். கார் பாய்ந்தது. நான் சொன்ன பக்கம் பாயவில்லை. மிதித்தால் ரோட்டோரம் தண்ணி ஓடும் கான் பக்கம் இழுத்தது. காலை எடுத்தால் தேயிலைப் பக்கம் திரும்பியது. இரண்டாம் கியரில் முன்னாலிருந்த சின்ன அலுமாரி தானாகத் திறந்து, ஜெயந்தினி வைத்திருந்த திருநீற்றுப் பொட்டலம் என் முகத்தில் கொட்டியது. மூன்றாம் கியரில் டிக்கி திறந்தது. கராஜுக்குத் திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது நான் பழனிக்குப் போய் வந்தவன் போலிருந்தேன்.

"என்ன நானா இது?"

"எஞ்சின் புலி தம்பி, உடம்பு பூனை. அடியில எஞ்சினையும் முன் வீலையும் தாங்குற இரும்புச் சட்டம் இருக்கே, சப்ஃப்ரேம், அது முறுக்குது. அதோட சேந்து முழுக் காரும் முறுக்குது. கால் ஆடுற கட்டில் தெரியுமா?"

"எங்க வீட்லயே ஒண்ணு இருக்கு."

"அதேதான். இந்த மூலையில உக்காந்தா அந்த மூலை தூக்கும்."

அவர் ஜாக்கி வைத்து ஒரு முன் வீலை மட்டும் தூக்கினார். பின் கதவைத் திறக்கச் சொன்னார். இழுத்தேன். இறுகிப் போயிருந்தது. ஜாக்கியை இறக்கினார். கதவு வெண்ணெய் மாதிரித் திறந்தது.

"மருந்து?"

"உள்ளுக்கு இரும்புக் குழாயில கூடு அடிக்கணும். சப்ஃப்ரேமுக்கு முட்டுக் குடுக்கணும். அப்புறம் அசையவே அசையாது. ஆனா பின் சீட் போயிரும்."

அங்கேதான் சிக்கல். பின் சீட் என்னுடையது அல்ல. அது என் மாமியார் வீரம்மாவின் சிம்மாசனம். வெள்ளிக்கிழமை தவறாமல் அதன் நடுவில் அமர்ந்து சீத்தாஎலிய சீதையம்மன் கோயிலுக்குப் போவார். போகும்போது, "மாப்பிள்ளை, வளவுல மெதுவா" என்பார். வரும்போது, "மாப்பிள்ளை, நேர் ரோட்லயும் மெதுவா" என்பார்.

ஜெயந்தினிக்கும் லைசன்ஸ் உண்டு. நான் மூன்றாம் தடவையில் எடுத்ததை அவள் முதல் தடவையிலேயே எடுத்தாள். அதனாலோ என்னவோ, சாவியை மட்டும் நான் அவளிடம் கொடுப்பதில்லை.

"ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாக்கிறேங்க."

"இது ஒனக்கு அடங்காது ஜெயந்தி."

"நாப்பது பிள்ளைங்க அடங்குது, இது அடங்காதா?"

"அது பிள்ளை. இது புலி."

சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வேன். பேச்சு முடிந்துவிடும். என் வீட்டில் நான் ஜெயிக்கிற ஒரே பேச்சு அதுதான்.

பின் சீட்டைக் கழற்ற வேண்டும் என்று நேராகக் கேட்டால் நடக்காது. ஜெயந்தினியே வாய் திறந்து கேட்க வேண்டும். யோசித்தேன். ஒரு திட்டம் உதித்தது. வெள்ளிக்கிழமை காலை, குவாட்டர்ஸ் வாசலில் ஒரு கல்லைப் போட்டு, முன் வீல் ஒன்றை அதன் மேல் ஏற்றினால் என்ன ஆகும்? கார் முறுக்கும். கதவு இறுகும். மாமியார் உள்ளே மாட்டிக்கொள்வார். அலறுவார். ஜெயந்தினி பதறுவாள். "ஐயோ, இந்தக் காருக்குக் கூடு போடுங்க" என்று என் காலில் விழுவாள். விழுந்தவளைத் தூக்கி நிறுத்துவது எப்படி என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. மாமியார் பூக்கூடையோடு ஏறிக் கதவைச் சாத்தினார். நான் காரை மெல்ல நகர்த்திக் கல்லின் மேல் ஏற்றினேன். முன் கதவும் இறுகிவிடும் என்று தெரிந்து என் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். இறங்கினேன்.

"அத்தை, ஒரு நிமிஷம் எறங்குங்க. டயர் பாக்கணும்."

மாமியார் கதவைத் தள்ளினார். வரவில்லை. மற்றக் கதவையும் தள்ளினார். அதுவும் வரவில்லை. நான் தலையில் கை வைத்துக் கத்தினேன்.

"ஜெயந்தி! ஓடி வா! கதவு தெறக்க மாட்டேங்குது! அத்தை உள்ள மாட்டிக்கிட்டாங்க!"

ஜெயந்தினி வந்தாள். ஓடி வரவில்லை, கையைத் துடைத்துக்கொண்டு நடந்து வந்தாள். உள்ளே மாமியார் அலறவில்லை. பூக்கூடைக்கு அடியிலிருந்து ஒரு வடையை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, பயமா இருக்கா?"

"எதுக்குடி பயம்? வெளிய குளிரு. உள்ள நல்லாத்தான் இருக்கு. தேத்தண்ணி இருந்தா ஜன்னலால குடு."

ஜெயந்தினி காரை ஒரு சுற்றுச் சுற்றினாள். வீலைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிள்ளை மடுவத்தில் அடுத்த பிள்ளையின் பிஸ்கட்டை எடுத்தவனைப் பார்க்கும் அதே பார்வை. காரைப் பின்னால் எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். கதவு திறந்தது. அந்தக் கல்லைத் தூக்கி ரோசாச் செடிக்கு அண்டையாக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திட்டம் பாழ் என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்று சாயங்காலம் ரொட்டியும் சம்பலும் வைத்துவிட்டு அவளே ஆரம்பித்தாள்.

"கராஜுக்கு ஃபோன் பண்ணி விசாரிச்சேன். அந்தக் கூட்டப் போட்டுருங்க. பின் சீட்டையும் கழட்டிருங்க."

எனக்குச் சம்பல் புரையேறியது.

"நெசமாவா?"

"நெசமாத்தான். ஆனா றுமைஸ் நானாகிட்ட நான் சொல்றதையும் கேக்கச் சொல்லுங்க. கலர் எனக்குப் பிடிச்சதா இருக்கணும்."

கலர்தானே! பெண்டாட்டியை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று எனக்கே அவள் மேல் இரக்கம் வந்தது. அங்கேயே றுமைஸ் நானாவுக்கு ஃபோன் போட்டேன்.

"நானா, கூடு அடிங்க! பாரம் கொறையணும், முன்னால பக்கத்து சீட்டையும் கழட்டுங்க. வீட்ல என்ன சொன்னாலும் அப்படியே செய்ங்க. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அந்த வண்டியில ஒண்ணுமே அசையக் கூடாது!"

"ஒண்ணுமேயா தம்பி?"

"ஒண்ணுமே!"

போட்டிக்குப் பெயர் கொடுக்கிற வேலையையும் ஜெயந்தினியிடமே விட்டேன். என் சிங்களம் சந்தையில் கரட் வாங்கப் போதும், கார்ப் போட்டிக் காரியாலயத்துக்குப் போதாது. அவள் ஃபோனில் மழை மாதிரிப் பொழிந்தாள். நடுவில் என் பெயர் வந்தது. நான் தலையாட்டினேன்.

கார் கராஜில் கிடந்த அந்த வாரங்களில் ஜெயந்தினி வருஷப் பிறப்புக்குப் புடவை எடுக்க ஹட்டனுக்குப் போனாள். வெறுங்கையோடு வந்தாள். மறுபடியும் போனாள். மறுபடியும் வெறுங்கை.

"ஒரு பொடவைக்கு இத்தனை தடவையா?"

"கைக்கு இன்னும் படியலீங்க."

புடவை உடம்புக்கு அல்லவா படிய வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் நான் அப்போது கண்ணாடி முன்னால் நின்று, புதிதாகத் தைத்த சிவப்பு ரேஸ் உடுப்பில் கையசைத்துப் பழகிக்கொண்டிருந்தேன்.

போட்டி நாள் விடிந்தது. றுமைஸ் நானா காரை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். உள்ளே எட்டிப் பார்த்தேன். கூடு முழுக்க ரோஸ் நிறம். பிறந்தநாள் கேக் நிறம்! சரி, கலரோடு போயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஏறப் போனேன்.

ஒரு கால் உள்ளே போனது. மற்றக் கால் போகவில்லை. ஆறடி மனிதன் நான். முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டியது. ஸ்டியரிங் வயிற்றில் முட்டியது. தலை கூட்டில் முட்டியது. சீட்டைப் பின்னால் தள்ளப் பார்த்தேன். அசையவில்லை.

"நானா, சீட் அசைய மாட்டேங்குது!"

"அசையாது தம்பி. கூட்டோட சேத்து வெல்டிங் வச்சிட்டேன். ஒண்ணுமே அசையக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"யார் அளவுக்கு வச்சீங்க?"

"ஓட்டுறவங்க அளவுக்கு. தங்கச்சிதானே வந்து உக்காந்து அளவு குடுத்துச்சி? வீட்ல சொன்னத செய்யச் சொன்னீங்க, செஞ்சேன்."

திரும்பினேன். ஜெயந்தினி ஹெல்மட்டைக் கையில் பிடித்தபடி படியிறங்கி வந்தாள். ஐந்தடி உயரம். ஐந்தடியும் சிரிப்பு.

"ஜெயந்தி, போட்டிக்கு எம் பேருதானே குடுத்திருக்கு?"

"பொம்பளைங்க பிரிவுல உங்க பேர எப்படீங்க குடுக்கிறது? யோகராஜாவோட சம்சாரம்னு சொன்னேன். நீங்ககூட தலையாட்டுனீங்களே."

"இது ஒனக்கு அடங்காது, சொன்னாக் கேளு!"

அவள் உள்ளே ஏறி உட்கார்ந்தாள். உறையில் கத்தி மாதிரிப் பொருந்தினாள்.

"எனக்கு அடங்கிருச்சிங்க. நீங்கதான் இதுக்குள்ள அடங்கல."

"அப்ப அந்தப் பொடவை?"

"அது ஹட்டன்ல. நான் அதையும் தாண்டி டிக்கோயா கராஜுக்குப் போயிருவேன். றுமைஸ் நானா ஓட்டக் குடுத்தாரு."

"நான் எதுல வர்றது?"

"பக்கத்து சீட்டும் இல்ல, பின் சீட்டும் இல்ல. எல்லாம் நீங்க கழட்டச் சொன்னதுதானே? அம்மாவையும் கூட்டிக்கிட்டு பஸ்ல வாங்க."

மாமியார் கூடையோடு தயாராக நின்றார்.

பஸ்ஸில் என் சிவப்பு உடுப்பைப் பார்த்த ஒருவர், "அண்ணே, எங்க லயத்து வீடுகளுக்கு எப்ப கரண்ட் குடுப்பீங்க?" என்று கேட்டார். இன்னொருவர் காஸ் சிலிண்டர் விலை கேட்டார். மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து, "டிரைவர் தம்பி, வளவுல மெதுவா" என்றார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு நிம்மதி.

நுவரெலியாவில் போய் வேலியோரம் நின்றோம். கடைசியில் அந்த ரோஸ் கூட்டுக் கார் வந்தது. முதல் வளைவில் என் உயிர் என்னிடம் இல்லை. கான் பக்கம் இழுக்குமே! இழுக்கவில்லை. டிக்கி திறக்குமே! திறக்கவில்லை. நூல் பிடித்த மாதிரி ஏறினாள். எஞ்சின் போட்ட சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. பொறாமைப்படத்தான் நின்றேன், முடியவில்லை. "அது எம் பொண்டாட்டி! எம் பொண்டாட்டி!" என்று கத்தியபடி, மாமியாரையும் மறந்து, வேலியோரமாகவே மேட்டில் ஓடினேன். அவள் உச்சியைத் தொட்டபோது என் தொண்டை போய்விட்டது. பெண்கள் பிரிவில் அவள்தான் முதல். முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப் பிடித்து அழுதேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் தோற்றதில்லை.

அப்போதுதான் மைக் கரகரத்தது. சிங்களத்தில் வேகமாக என்னவோ சொன்னார்கள். "லிந்துலை" என்று கேட்டது. அடுத்து, தெளிவாக, என் பெயர். யோகராஜா! காரின் சொந்தக்காரன் என்று பாராட்டுகிறார்கள். ஜெயந்தினிதான் சொல்லச் சொல்லியிருப்பாள். நல்லவள். நான் நெஞ்சை நிமிர்த்தி, கண்ணாடி முன் பழகியபடியே இரண்டு கையையும் தூக்கி நாலு பக்கமும் அசைத்தேன். சனம் திரும்பிப் பார்த்தது. சில பேர் கை தட்டினார்கள். ஆங்கிலத்திலும் என் பெயர் வந்தது. இன்னும் உயரமாகக் கையைத் தூக்கினேன். பிறகு தமிழில் சொன்னார்கள்.

"ஓர் அறிவித்தல். லிந்துலையைச் சேர்ந்த யோகராஜா என்பவரைக் காணவில்லை. உயரம் ஆறடி, சிவப்பு உடுப்பு. காண்பவர்கள் தயவுசெய்து அவரை மேடைக்குப் பக்கத்தில் காத்திருக்கும் அவருடைய மாமியாரிடம் ஒப்படைக்கவும்."