புல்லை வெட்டக் கூடாது

இனி ஞாயிற்றுக்கிழமை என்பது தூங்குவதற்கு மட்டுமே என்று பிழைதிருத்துநர் சபதம் எடுத்தார். வாரம் முழுக்க அச்சகத்தில் அடுத்தவர் எழுத்தில் விட்டுப்போன ஒற்றுகளைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போன மனிதர். கிடைக்கிற ஒரே விடுமுறையில் மெஷினைத் தள்ளிக்கொண்டு, வாசலுக்கும் சாலைக்கும் நடுவே உள்ள நகராட்சி நிலத்தில் புல் வெட்ட வேண்டும். நகராட்சியே மறந்துபோன நிலம்தான். அவர் மனைவி மறக்கவில்லை.

அந்த வாரம் நகராட்சி அறிவித்தது: சாலையோரப் புல்லைக் காட்டுப் பூக்களோடு வளர விடலாம், தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் பிழைக்கட்டும். பிழைதிருத்துநருக்கும் பிழைக்க வழி கிடைத்தது. அச்சகத்திலேயே ஒரு பலகை தயார் செய்து வாசலில் நட்டார்: ‘தேனீக்களின் வாழிடம். இங்கே புல்லை வெட்டக் கூடாது.’

"என்ன இது?" என்றாள் மனைவி.

"பொதுச் சேவை. தேனீயெல்லாம் குறைஞ்சுக்கிட்டே வருதாம்."

"வெட்டாம வெட்டியா இருக்கறதுக்குப் பலகை வேறயா?"

"இயற்கையே அப்படித்தாம்மா. கூட்டுல ஆண் தேனீ ஒரு வேலையும் செய்யாது, தெரியுமா?"

"தெரியும். சாப்பாடு குறைஞ்சா பொம்பளைத் தேனீங்க அதுங்களை வெளிய தள்ளிடும். அதுவும் தெரியும்."

மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் பல் டாக்டர் சிரித்தார். முப்பத்திரண்டும் தெரிந்தன.

"சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று மனைவி உள்ளே போனாள். அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சுலபமாகச் ‘சரி’ சொன்னதில்லை.

புல் முழங்காலைத் தொட்டது. மஞ்சளும் ஊதாவுமாகப் பூத்தது. தேனீக்கள் மொய்த்தன. ஞாயிறுதோறும் வாசலில் ரீங்காரம், உள்ளே குறட்டை. தெருவே மயங்கிப்போய், வாசலுக்கு வாசல் அதே பலகையை நட்டது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

பூவெல்லாம் காய்ந்து விதை உதிர்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்வை பறந்தது.

"எழுந்திருங்க. இப்ப வெட்டி அள்ளலைன்னா அடுத்த வருஷம் பூவை எல்லாம் புல்லு அமுக்கிடுமாம். நகராட்சிப் பூங்கா அதிகாரியைக் கேட்டுட்டேன்."

"வெட்டக் கூடாதுன்னு பலகையே இருக்கே!"

"போய்ப் படிங்க."

ஓடினார். ‘புல்லை’க்கும் ‘வெட்டக் கூடாது’க்கும் நடுவே ஒரு கூரைக் குறி. விட்டுப்போன சொல்லைச் சேர்க்க அவர் தினமும் போடுகிற அதே குறி. அதன் மேல் சிவப்புப் பெயின்ட்டில்: ‘மெஷினைக் கொண்டு’.

"மெஷின்ல வெட்டினா பூச்சி முட்டையெல்லாம் கூழாயிடுமாம். கையாலதான் அறுக்கணும்" என்று அரிவாளை நீட்டினாள் மனைவி.

பல் டாக்டர் தலைமையில் தெருவே திரண்டு நின்றது. "எங்க வாசலுக்கும் நீங்களே வந்து அறுத்துத் தர்றதாச் சொன்னாங்களே மேடம். பெரிய மனசு சார் உங்களுக்கு!"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் பலகையைக் காட்டினாள்.

"நல்லாப் பாருங்க. பிழை ஏதாவது இருக்கா?"

பழக்கதோஷம், இரண்டு தடவை படித்தார். ‘க்’ கூட விட்டுப்போகவில்லை.