விமலாவைக் கப்பலிலிருந்து இறக்கப் போனேன்

தனக்கே இருக்கப் பிடிக்காத ஊரில் இன்னொருத்தியை இருக்கச் சொல்வது சரியா? மூன்று வருடமாக யோசிக்கிறேன். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போதும் யோசிக்கிறேன், மழைக்கு ஓடிக் கொடியில் துணி எடுக்கும்போதும் யோசிக்கிறேன். சரி என்று தோன்றிய மறுநாளே தப்பு என்று தோன்றுகிறது. (சாம்பாருக்கு உப்புப் போட்டேனா என்பதிலேயே எனக்கு இரண்டு அபிப்பிராயம் உண்டு.)

அந்தமானில், போர்ட் பிளேரில், என் கணவர் சர்க்கார் குமாஸ்தா. அவருடைய அதிகாரிக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. ஊர் என்றால் மரமும் ரேஷனும் மட்டும் போதாது, படம் வரைகிறவர்கள், பாடுகிறவர்கள் என்று இளசுகள் நாலு பேர் வேண்டும், இல்லாவிட்டால் இது வெறும் முகாம்தான் என்றார். மெயின்லேண்டிலிருந்து அப்படி வரவழைத்த முதல் இரண்டு பையன்களும் வந்த கப்பலிலேயே திரும்பிப் போய்விட்டார்கள். கப்பல் சரக்கை இறக்கி ஏற்ற நாலைந்து நாள் இங்கே நிற்கும். அது கிளம்பும் வரை புது ஆள் தாக்குப்பிடித்துவிட்டால் போதும். அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாதே. அதனால் புதிதாக வந்தவரைக் கப்பல் நிற்கும் ஜெட்டிப் பக்கம் விடக் கூடாது என்பது எங்கள் குவார்ட்டர்ஸில் எழுதாத சட்டம்.

மூன்றாவது தடவை அதிகாரி பணத்தைத் தாராளமாகச் செலவழித்தார். கப்பல் டிக்கெட், தீவுப்படி, ஊருக்கு வெளியே கராச்சர்மாவில் தனி வீடு. படம் வரைய வெளிச்சம் வேண்டுமாம், சுவரை இடித்துப் பெரிய ஜன்னல் வைத்தார்கள். இந்தத் தீவின் படாக் மரத்தில் கட்டில், நாற்காலி, படத்தை நிறுத்தி வைக்க ஒரு சட்டம். அந்தச் சட்டத்தைத் தூக்க நாலு ஆள் வேண்டும். வர்ணம் வாங்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

வந்தவள் விமலா. சென்னையில் ஓவியம் படித்தவள். என்னைவிட வயது கொஞ்சம் கம்மி, உயரம் ரொம்ப அதிகம். தமிழ் பேசும் பெண் என்று கேட்டதும் எனக்குப் பண்டிகை. பக்கத்து வீட்டில் வங்காளம், எதிர் வீட்டில் தெலுங்கு. எல்லோரும் அன்பானவர்கள்தான். ஆனால் என் இந்தியை வைத்துக்கொண்டு விலை கேட்கலாம், மனதில் இருப்பதைச் சொல்ல முடியாது. மழை விட்டதும் அவளைப் போய்ப் பார்க்கலாம் என்று இருந்தேன். மழை விடவில்லை.

கப்பல் கிளம்பும் நாள் காலையில் என் கணவர் குடைகூட இல்லாமல் ஓடி வந்தார்.

"இந்தா, கிளம்பு. அந்தப் பொண்ணு பெட்டியோட கப்பல் ஏறிட்டா."

"அதுக்கு நான் என்னங்க பண்றது?"

"தமிழ்ப் பொம்பளை போய்ப் பேசினா கேப்பாளாம். சாஹிப் ஜீப்பே அனுப்பிட்டார். சங்கு ஊதறதுக்குள்ள இறக்கணும்."

"என்னன்னு பேசறது?"

"ஊர் நல்ல ஊருன்னு பேசு. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. ஆனால் நான் பிறர் சொன்னதைச் செய்து பழகியவள். (பள்ளிக்கூடத்தில் நன்னடத்தைக்குப் பரிசு வாங்கியிருக்கிறேன். இப்படி மாட்டிக்கொள்ளத்தான் போலிருக்கிறது.) ஒன்றரை வயது மல்லிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஜீப்பில் போகும்போதே ஊரின் பெருமைகளை மனப்பாடம் செய்தேன்.

விமலா கேபினில் கண் வீங்க உட்கார்ந்திருந்தாள். நான் எடுத்த எடுப்பில் ஒப்பித்தேன்.

"இங்க காத்து ரொம்ப நல்ல காத்து. தூசியே கிடையாது. மீன் கொள்ளை மலிவு." (நாங்கள் சைவம்.)

"சாயங்காலமானா தவளைதான் கத்துது அக்கா. அவ்வளவு பெரிய ஜன்னல் வெச்சாங்க, அந்தப் பக்கம் ஒரு மனுஷன் நடக்கலை."

"சிப்பிகாட்னு ஒரு இடம், அங்க சர்க்கார் பண்ணை இருக்கு. பார்க்க அவ்வளவு நல்லா இருக்கும்."

"நீங்க பார்த்தீங்களா?"

"இல்லை."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "நீங்க எப்ப வந்தீங்க?"

"கல்யாணம் ஆனதும்."

"நடுவுல ஊருக்குப் போனீங்களா?"

"லீவு கிடைச்சா கப்பல் இல்லை. கப்பல் இருந்தா லீவு இல்லை."

"அப்ப பாப்பாவை உங்கம்மா..."

"போட்டோல பார்த்திருக்காங்க."

அதோடு என் மனப்பாடம் தீர்ந்தது. எதிர்க் கட்டிலில் ஓர் அம்மாள் போர்வை விரித்து, கூஜாவைப் பத்திரமாக ஓரத்தில் வைத்து, ஊருக்குப் போகிறவர்களின் நிம்மதியோடு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது. முந்தானையில் ஒற்றிக்கொள்கிற நாகரிகமான அழுகை இல்லை, பக்கத்துக் கேபின்காரர் எட்டிப் பார்க்கிற அழுகை. காலை மடக்கி விமலாவின் கட்டிலில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"நானும் வரேன்."

"எங்க?"

"ஊருக்கு. துணிமணியை அவர் அப்புறம் அனுப்பட்டும்."

"டிக்கெட்?"

"நீ ஒல்லியாத்தானே இருக்கே? ரெண்டு பேரும் இதுலயே படுத்துக்கலாம்."

சங்கு ஊதியது. விமலாவின் முகம் வெளுத்தது.

"அக்கா, எழுந்திரிங்க. காத்து நல்ல காத்துன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"காத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"தூசி இல்லைன்னீங்க."

"எனக்கு எங்கம்மா வீட்டுத் தூசி வேணும்."

"மீன்..."

"நாங்க சாப்பிட மாட்டோம்."

"ஏம்மா," என்று வெற்றிலை அம்மாள் கேட்டார், "உங்கள்ல யாரு யாரை இறக்க வந்தீங்க?"

விமலா எழுந்தாள். என் மடியிலிருந்து மல்லிகாவைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தாள். பிள்ளை போனால் தாய் பின்னால் வருவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். நானும் ஒற்றைச் செருப்போடு ஏணியில் தடதடவென்று இறங்கி ஓடினேன். ஜெட்டியில் குழந்தையை என்னிடம் நீட்டிவிட்டு அவள் திரும்பியபோது ஏணி மேலே போய்க்கொண்டிருந்தது. அவள் கத்தினாள். கப்பல்காரர்கள் மரியாதையாகக் கையசைத்தார்கள். அவளுடைய பெட்டியும் என் இடது செருப்பும் சென்னைக்குப் புறப்பட்டன.

அதிகாரி கீழே நின்று பார்த்தது இவ்வளவுதான்: நான் ஏறினேன், கொஞ்ச நேரத்தில் விமலா என் குழந்தையோடு இறங்கினாள். "ஷாபாஷ் பஹன்ஜி," என்றார். அன்றிலிருந்து, மெயின்லேண்டிலிருந்து பாட்டுக்காரர் வந்தாலும் போட்டோக்காரர் வந்தாலும் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் அனுப்புகிறார். நான் வாயே திறப்பதில்லை. காபி கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.

பெட்டி திரும்பி வரும் வரை விமலா எங்களோடுதான் இருந்தாள். என் புடவைகள் அவளுக்குக் கெண்டைக்காலோடு நின்றுவிட்டன. வர்ணம் இல்லாததால் மஞ்சள்தூளையும் துணிக்குப் போடும் நீலத்தையும் குழைத்து வரைந்தாள். பேசினோம், பேசினோம், அரிசியைக் கருக விட்டுப் பேசினோம். பெட்டி வந்தது. அவள் போகவில்லை. காலியாகக் கிடக்கும் கராச்சர்மா வீட்டின் பெரிய ஜன்னல் வழியாக இப்போது ஆடுகள் எட்டிப் பார்க்கின்றன.

சங்கு ஊதினால் இன்றும் என் கணவர், "ரெண்டு செருப்பும் இருக்கா பாரு," என்பார். "மீன் மலிவு," என்பாள் விமலா. ஒன்றும் புரியாமல் மல்லிகா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

இப்போதுதான் சிக்கல். லீவும் கப்பலும் ஒருவழியாகச் சேர்ந்து வந்திருக்கின்றன. மல்லிகாவை அம்மாவிடம் காட்டப் போகிறேன். விமலாவுக்கும் ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது, அவளும் அதே கப்பலில் வருகிறாள். அதிகாரி மறுபடியும் செலவு செய்து, எங்கள் இருவருக்கும் திரும்பி வரவும் சேர்த்தே டிக்கெட் எடுத்துவிட்டார். அவளைக் கூட்டிவருவது என் பொறுப்பாம். நாங்கள் இருவரும் எல்லாவற்றையும் பேசுகிறோம், அதை மட்டும் பேசுவதில்லை.

"திரும்பி வருவியா?" என்று அவளிடம் நான் கேட்கலாமா? கப்பல் ஏறும் முன் கேட்பதா, சென்னையில் இறங்கியபின் கேட்பதா? நான் கேட்டால் அவளும் என்னை அதையே கேட்பாள். அதற்கு என்ன சொல்வது என்பதையும், அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சேர்த்து எழுதுங்கள். இந்தப் பத்திரிகையை என் கணவரும் படிப்பார், அதனால் கொஞ்சம் பூடகமாக எழுதினால் நல்லது.