பரணி மைனி திருப்பிக் கொடுத்த சம்மதம்

2023 டிசம்பர் 16, சனிக்கிழமை. காலையில் மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்பினேன். ஸ்கூட்டரைத் துடைத்தேன். கொட்டாரம் சந்தையில் கத்தரிக்காயும் சாளை மீனும் வாங்கி வந்தேன். பக்கத்து வீட்டில் பரணி மைனி இல்லாதிருந்தால் அன்றைய டைரி இத்துடன் முடிந்திருக்கும்.

குமரி மாவட்டத்திலேயே அரிசியை நோயாளியாக நடத்திய ஒரே மனுஷி அவர்தான். ஓய்வுபெற்ற நர்ஸ்; எங்கள் ஊர்ப் பேச்சில் மைனி, அதாவது மதினி. டிசம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸுக்காக நொய்யரிசி, சர்க்கரை, ஈஸ்ட் எல்லாம் போட்டுப் பரணி என்கிற பீங்கான் ஜாடியில் அரிசி வைன் ஊறவைப்பார். காலையும் மாலையும் அந்தப் பரணியின் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பார்.

"மிக்சிய நிறுத்து மக்கா. மூச்சு விடுகது கேக்கல்ல."

சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் சட்னியைப் பாதியில் நிறுத்துவோம். ஒரு வருடம் பனி கூடுதல் என்று, மகன் குவைத்திலிருந்து அனுப்பிய கம்பளியைப் பரணிக்குப் போர்த்திவிட்டு, மைனி வெறும் சேலையைப் போர்த்திக்கொண்டு தூங்கினார்.

இந்தக் குணத்தால் மகனுக்கு இரண்டு சம்பந்தம் தவறியது. முதலில் வந்தவர்கள் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டதும் தேநீர்கூடக் குடிக்காமல் எழுந்தார்கள். அடுத்து வந்த பெண்ணின் அப்பாவுக்கு மைனி நாடி பிடித்துப் பார்த்து, "உமக்கு பிரஷர் கூடுதலாக்கும். அதப் பாரும், கல்யாணம் பெறவு" என்றார். மகனுக்கு முப்பத்தைந்து வயதாகிவிட்டது. மூன்றாவதாக அமைந்தது கருங்கல் ஊர் வாத்தியாரின் மகள். பிள்ளைகள் இருவரும் போனில் பேசிப் பிடித்துப்போய்விட்டது. வாத்தியாரின் ஒரு வார்த்தைதான் பாக்கி. அதைச் சொல்ல அன்று மதியம் வருகிறார்.

வாத்தியார் தங்கள் சபையின் மதுவிலக்குச் சங்கத் தலைவர். சிரிப்பையே லேசான போதை என்று கருதுகிறவர். வைன் பரணியை எங்கே ஒளிப்பது? உதவிக்குப் போன என் மனைவி சரோஜாதான் வழி சொன்னாள்: "பழங்கஞ்சி பரணிக்கப் பக்கத்துல வையுங்க மைனி. ரெண்டும் ஒண்ணு போலதானே இருக்கு."

ரெண்டும் ஒன்று போலத்தான் இருந்தது.

வாத்தியார் வந்தார். பந்தியில் துணைக்கு நானும் உட்கார்ந்தேன். கோழிக்கறியைத் தள்ளி வைத்தார். "எனக்கு உச்சைக்கு பழங்கஞ்சி போதும் சிஸ்டர்." மைனி அவருடன் பேசிக்கொண்டிருக்க, சரோஜா அடுக்களைக்குப் போய்க் கோரிக்கொண்டு வந்தாள். உப்பும் சின்ன உள்ளியும் காந்தாரி மிளகாயும் போட்டுப் பிசைந்து வாத்தியார் குடித்தார்.

"கொஞ்சம் இனிப்பும் இருக்கு, என்னா? நல்ல அரிசியாக்கும். இன்னும் கோரும்மா."

இரண்டாவது சட்டி பாதியானபோது தொடையில் தாளம் போட்டார். முடிந்தபோது பந்தியிலேயே கீர்த்தனை பாடினார். பிறகு என்னைக் கட்டிப்பிடித்து, "ஏலே மக்கா, நீ யாருலே?" என்றார். அரைமணி நேரம் முன்புதான் கை குலுக்கியிருந்தோம். மனிதர் எழுந்து நின்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தார்: "சிஸ்டர், சம்மதம்! நூறு மட்டம் சம்மதம்! தேதிய நீங்களே குறிங்க!"

நல்ல சேதிக்கு எல்லார் வாயிலும் போடச் சரோஜா சீனி எடுக்க ஓடினாள். மைனி வாத்தியாரின் கண்ணிமையை விரித்துப் பார்த்தார். பிறகு சட்டியை முகர்ந்தார். "எம்மா!" என்று அப்படியே சுவரில் சாய்ந்தார். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. மதுவிலக்குச் சங்கத் தலைவர் எங்கள் தோளில் தொங்கியபடி மூன்றாவது கீர்த்தனைக்குப் போயிருந்தார்.

வாடகைக் காரில் ஏற்றியதும், கஞ்சி நல்ல குளிர்ச்சி என்று சொல்லியபடியே தூங்கிவிட்டார். கார் தெருமுனை திரும்பியதும் சரோஜா மெல்லச் சொன்னாள்: "போட்டும் மைனி. சம்மதம் கெடச்சாச்சே. அவருக்குத் தெரியவா போவுது?"

"மயக்க ஊசி போட்ட பெறவு வாங்குன கையெழுத்து செல்லாது, ஏட்டி. நாளைக்குப் போயிச் சொல்லணும்."

"சொன்னா கல்யாணம் நின்னுபோவும்!" என்று கத்திவிட்டேன். மைனியிடம் நான் குரல் உயர்த்தியது அதுவே முதல் தடவை.

"நிக்கட்டும் மக்கா" என்றவர், சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் வேலையாக, மைனியுடன் பஸ் ஏறிக் கருங்கல் போனேன். வாத்தியார் ஆலயத்துக்குப் புறப்பட்டு வாசலில் நின்றார். மைனி உட்காரக்கூட இல்லை.

"நேத்து நீங்க குடிச்சது கஞ்சி இல்ல. நான் ஊறப்போட்ட அரிசி வைன். தெரியாம நடந்துபோச்சு. நீங்க சொன்ன சம்மதம் செல்லாது."

வாத்தியாரின் முகம் கறுத்தது. உள்ளே போனார். கதவைச் சாத்தப் போகிறார் என்று நான் செருப்பை மாட்டினேன். அவர் முகம் கழுவிவிட்டு வந்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்ப கேளுங்க, சிஸ்டர்."

ஊரையே அதட்டிய மைனி மெல்லக் கேட்டார். "உங்க மகள... எங்க வீட்டுக்குத் தருவியளா?"

"தருவேன்."

பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. திரும்பும்போது மைனியை அங்கே உட்காரச் சொன்னேன்.