இடது கயிறு

ஒரு காட்டில் மிருகங்களுக்கெல்லாம் நடக்கச் சோம்பல் வந்துவிட்டது. உடனே நரி ஒரு விமானக் கம்பெனி தொடங்கி, ‘நம்பிக்கை ஏர்வேஸ்’ என்று பெயர் வைத்தது. நரிக்குப் பறக்கத் தெரியாது. முதலாளிக்கு அதெல்லாம் எதற்கு?

விமானம் என்றால் பெரிய மூங்கில் கூடை. இரண்டு பக்கமும் இரண்டு கயிறு. இடது கயிற்றை அலகில் கவ்விப் பறப்பவர் கேப்டன். வலது கயிற்றைக் கவ்விப் பறப்பவர் துணை விமானி. பாரம் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் இறங்கும்போது முயலும் ஆமையும் இடது பக்கம் பார்த்துத்தான் கும்பிடும். வலது பக்கத்துப் பறவையும் கூடையோடு சேர்ந்த சாமான் என்றுதான் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இடது கயிறு யாருக்கு என்பதைத் திறமை முடிவு செய்யாது. ஆலமரத்தில் இருந்த அலுவலகக் கிளை முடிவு செய்யும். முதலில் வேலைக்குச் சேர்ந்தவர் அடிமரத்தை ஒட்டி உட்காருவார், அவருக்கே இடது கயிறு. பிறகு சேர்ந்தவர் அவருக்கு அடுத்து. முன்னால் இருப்பவர் விலகினால்தான் உள்ளே நகரலாம். எத்தனை வருஷம் பறந்தவராக இருந்தாலும் இன்னொரு கம்பெனிக்குப் போனால், அந்தக் கிளையில் கடைசி ஆளாகத்தான் உட்கார வேண்டும்.

கோதண்டம் என்ற கூழைக்கடாவுக்கு இந்தக் கிளையில் இரண்டாவதாக உட்கார்ந்து, உட்கார்ந்து, காலே மரத்துப்போயிருந்தது. அடிமரத்தை ஒட்டி இருந்தவர் வைரக்கண்ணு என்ற நாரை. அவர் ஓய்வு பெறுவதாகத் தெரியவில்லை. மழைக்காலம் முடியட்டும் என்பார். முடிந்தால், வெயில் முடியட்டும் என்பார்.

இந்த நேரத்தில் கோதண்டத்தின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சம்பந்தி வீட்டார் பெரிய ஏரிக்காரர்கள். கோதண்டத்தை நேரில் பார்த்ததில்லை. பேச்செல்லாம் தரகுக் கொக்கு மூலம்தான். பத்திரிகை அடிக்க வேண்டிய நாள் வந்ததும் மனைவி சௌந்தரம் சிறகை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“பத்திரிகையில உங்க பேருக்கு முன்னால என்ன போடச் சொல்றது? ‘வலது கயிறு’ன்னா?”

“துணை விமானின்னு போடேன்.”

“அவங்க பக்கத்துல கிளீனர் கூட கேப்டன்னு போட்டுக்கறாராம். எம் பொண்ணு அந்த ஏரியில தலை நிமிர்ந்து நீந்த வேணாமா?”

கோதண்டத்துக்குச் சுருக்கென்றது. பெண்ணுக்காகவாவது கேப்டன் ஆகிவிட வேண்டும் என்று அவர் ஏங்கியது நிஜம்.

அப்போதுதான் ஒரு மைனா வந்தது. கரடி ஒன்று புதிதாகக் கம்பெனி தொடங்குகிறதாம். பெயர் ‘சூறாவளி ஏர்வேஸ்’. அலுவலகம் ஆற்றுக்கு அக்கரையில், முருங்கை மரத்தில்.

“கிளை காலியா இருக்கு சார். முதல்ல வர்றவருக்கே அடிமரம். வந்த அன்னிக்கே இடது கயிறு” என்றது மைனா.

“கூடை எப்படி?”

“கூடை வந்துட்டே இருக்கு சார்.”

கோதண்டம் தூக்கத்தைத் தொலைத்தார். இங்கே கிளை கெட்டி, ஆனால் இடது கயிறு கிடைக்காது. அங்கே இடது கயிறு உண்டு, ஆனால் முருங்கைக்கிளை ஒரு தும்மலுக்குத் தாங்குமா? போனால் சௌந்தரம் கொண்டாடுவாள். கிளை முறிந்தால் அதே சௌந்தரம் கொத்துவாள்.

பயிற்சிக் காலத்தில் துணை விமானிகளுக்கு ஒரு பாடம் நடத்துவார்கள்: கேப்டனைக் கேட்காமல் எதையும் செய்யாதே. மேகம் வந்தால் கேட்க வேண்டும், இறங்குவதற்கு முன் கேட்க வேண்டும். கோதண்டத்துக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. அன்று கூடையை இறக்கியதும் நேரே தன் கேப்டனிடம் போனார். கேப்டனை விட்டுப் போகலாமா என்று அந்தக் கேப்டனையே கேட்டார்.

“எந்த மரம்?” என்றார் வைரக்கண்ணு.

“முருங்கைண்ணே. அக்கரையில, ரெட்டைப் பாறைக்குப் பக்கத்துல.”

“யாரைப் பாக்கணும்?”

“ஒரு மைனாண்ணே. காலையிலயே போனா கரடியையும் பாத்துடலாமாம்.”

வைரக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது கண் கலங்கியிருந்தது.

“தம்பி, முருங்கையை நம்பி ஆலமரத்தை விடலாமா? நமக்குச் சோறு போட்ட கூடைப்பா இது. விசுவாசம்னு ஒண்ணு இருக்குல்ல? பொறுமையா இரு. உனக்குன்னு இருக்கறது உன்னைத் தேடி வரும்.”

கோதண்டம் அழுதேவிட்டார். இப்படிப்பட்ட மனிதரை, அதாவது நாரையை, விட்டுப் போக நினைத்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். சௌந்தரத்திடம் போய், “நான் எங்கயும் போகலை” என்றார். அவள் அன்று சமைக்கவில்லை.

மறுநாள் காலை ஆலமரக் கிளையில் அடிமரத்தை ஒட்டி யாரும் இல்லை. வைரக்கண்ணு விடிவதற்கு முன்பே முருங்கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்.

கோதண்டத்துக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் காலியிடம் கண்ணில் பட்டது. மெல்ல உள்ளே நகர்ந்து உட்கார்ந்தார். இடது கயிறு! பொறுமைக்குப் பலன் கிடைத்துவிட்டதே என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். பத்திரிகையில் ‘கேப்டன் கோதண்டம்’ என்று கொட்டை எழுத்தில் அடித்து, சௌந்தரம் காடு முழுக்கக் கொடுத்தாள்.

அக்கரையில் கூடை வந்துகொண்டே இருந்தது. வந்து சேரவில்லை. வைரக்கண்ணு, கூடையில்லாத கம்பெனியின் கேப்டனாகக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். கரடி யோசித்தது. கூடை முடைவதைவிடக் கூடை வைத்திருக்கும் கம்பெனியை வாங்குவது சுலபம். நரி ‘நம்பிக்கை’யை நல்ல விலைக்கு விற்றுவிட்டு மலைப்பக்கம் போய்விட்டது.

கல்யாணத்துக்கு முதல் நாள் புது நிர்வாகம் அறிவித்தது. வாங்கிய கம்பெனியின் பறவைகள் முதலில், வாங்கப்பட்ட கம்பெனியின் பறவைகள் அப்புறம். வைரக்கண்ணு பறந்து வந்து, ஆலமரத்தில் தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். கோதண்டம் நகர்ந்துகொடுத்தார்.

“பாத்தியா தம்பி, பொறுமையா இருன்னேன்ல. நீ போக நினைச்ச கம்பெனியே உன்னைத் தேடி வந்துடுச்சு” என்று முதுகில் தட்டினார் வைரக்கண்ணு.

“பத்திரிகையை என்னங்க பண்றது?” என்று அழுதாள் சௌந்தரம். “‘முன்னாள்’னு ஒரு துண்டு ஒட்டிடலாமா? மந்திரிங்கள்லாம் போட்டுக்கறாங்களே.”

ஒட்ட நேரமில்லை. முகூர்த்தத்தன்று சம்பந்தி வீட்டாரைக் கூடையில் அழைத்துவரும் வேலையும் இவர்களுக்கே வந்தது. பந்தல் வாசலில் கூடை இறங்கியது. ஏரிக்காரர்கள் வரிசையாக இறங்கி, இடது பக்கம் திரும்பி வைரக்கண்ணுவைக் கும்பிட்டார்கள்.

“சம்பந்தி! பத்திரிகையில பாத்தோம், கேப்டன்னு. நேர்ல பாக்க இப்பத்தான் கொடுத்துவச்சுது” என்று மாலை போட்டார்கள். வைரக்கண்ணு மறுக்கவில்லை.

கோதண்டத்தின் அலகில் இன்னும் கயிறு இருந்தது. ஒரு பெரியவர் தன் குடையை அவர் கழுத்தில் மாட்டிவிட்டு உள்ளே போனார்.

நீதி: வேறு வேலைக்குப் போகலாமா என்று மேலதிகாரியிடம் ஆலோசனை கேட்பவன், அவருக்கு ஒரு நல்ல வேலை வாங்கிக் கொடுத்த புண்ணியத்தை அடைவான்.