எல்லாரிடமும் சொன்னார், டாக்டரைத் தவிர

டாக்டரைக் கண்டதும் குணமாகிவிடுகிற ஓர் இனம் உண்டு. மருந்து வேண்டாம், ஊசி வேண்டாம். வெள்ளைக் கோட்டு வாசலில் தெரிந்தால் போதும். அதுவரை போர்வைக்குள் சுருண்டு முனகிக்கொண்டிருந்தவர் எழுந்து உட்காருவார், கலைந்த முடியைக் கையால் ஒதுக்குவார், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போடுவார், வீட்டுக்கு வந்த சம்பந்தியை வரவேற்பதுபோல ஒரு சிரிப்பையும் தயார் செய்துவிடுவார். "எப்படி இருக்கு?" என்பார் டாக்டர். "இப்ப பரவாயில்லை டாக்டர்." டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போவார். இவர் மறுபடி சுருண்டுகொள்வார்.

பிறகுதான் புலம்பல் தொடங்கும். யாரிடம்? டாக்டரைத் தவிர மற்ற எல்லாரிடமும்.

இந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர் காய்ச்சல் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் நினைவில்லை, மனைவியே காலையில் "செயலாளர் எழுந்தாச்சா?" என்றுதான் கேட்பாள். மாடிப்படியில் செருப்பு விடாதே, குழாயைத் திறந்து போடாதே, சுவரில் பந்தடிக்காதே என்று பலகை எழுதி மாட்டுவது அவருடைய பொதுத்தொண்டு. அவற்றில் மிகப் பெரியது வாசலிலேயே தொங்கியது: 'ஆடு, மாடு உள்ளே வரக் கூடாது.' பின்சந்தில் ஆடு வளர்க்கும் அம்மாளை மனத்தில் வைத்து எழுதியது அது. அடுத்த மாதம் சங்கத் தேர்தல் வேறு. எதிர்த்து நிற்பவர் இரண்டாம் மாடிக்காரர்.

இந்த நேரம் பார்த்துத்தான் குளிர் தூக்கித் தூக்கிப் போட்டு, அனலாய்க் கொதிக்கும் காய்ச்சல் வந்தது. மலேரியா இல்லை, டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை. உடம்பில் ஒரு தடிப்பு, ஒரு புள்ளி கிடையாது. ரத்தப் பரிசோதனையில் ஈரல் மட்டும் ஏதோ சரியில்லை என்றது. இளம் டாக்டர் தினமும் வந்து கேட்டார். செயலாளரும் தினமும் பரவாயில்லாமலே இருந்தார்.

டீ கொண்டுவருபவரிடம் மட்டும், "கண்ணுக்குப் பின்னாடி எவனோ உக்காந்து ஆணி அடிக்கிறான்யா" என்றார். கூட்டித் துடைக்க வரும் அம்மாளிடம், வேர்வையில் மெத்தை நனைந்து போவதைச் சொன்னார். லிப்ட் ஓட்டுபவரிடம், கை கால் எல்லாம் யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி இருப்பதை மூன்று மாடி தூரம் விவரித்தார். வறட்டு இருமலை மனைவியிடம் சொல்லி, "டாக்டர் காதுல போட்டுடாதே" என்று கண்டித்தும் வைத்தார். ஆக, நோயின் முழு விவரமும் ஆஸ்பத்திரியில் இருந்தது. ஆளுக்குக் கொஞ்சமாக இருந்தது. அவ்வளவு பேரையும் ஓர் அறையில் உட்கார வைத்திருந்தால் நோயைக் கண்டுபிடித்திருக்கலாம்.

ஏன் இப்படி என்று கேட்கிறீர்களா? அவருக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது. பாவம், டாக்டருக்கு எத்தனை கட்டில். நம் தலைவலியை வேறு அவர் தலையில் கட்டுவானேன். தவிர, நல்ல நோயாளி என்று பெயரெடுத்தால் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவார்கள், தேர்தலுக்கு ஆள் பிடிக்கலாம். தொந்தரவு தராமல் நோயாக இருப்பதில் அவருக்கு ஒரு பெருமையே உண்டு.

ஒருநாள் டாக்டர் கேட்டார். "வீட்டுப் பக்கம் ஆடு, மாடு ஏதாவது உண்டா?"

"ஆடு உள்ள வரக் கூடாதுன்னு வாசல்ல பலகையே இருக்கு டாக்டர்."

பக்கத்துக் கட்டில் லாரி டிரைவர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். போர்வை குலுங்கியது. ஏன் குலுங்காது? அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே.

நடந்தது இதுதான். காய்ச்சலுக்குச் சில வாரம் முன்பு, மழை கொட்டிய ஒரு மதியம். குடியிருப்பில் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அந்தப் பெரிய பலகைக்குக் கீழேயே நுழைந்து வந்த ஒரு சினை ஆடு, நேராகச் சங்கத்தின் கூட்ட அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. விரட்டத்தான் போனார் செயலாளர். குட்டி பாதி வெளியே வந்து சிக்கியிருந்தது. ஆடு அவரைப் பார்த்துக் கத்தியது. அவரும் ஆட்டைப் பார்த்துக் கத்தினார். பிறகு வேறு வழியில்லாமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, இழுத்தார்.

குட்டி எழுந்து நின்றபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆண்டுவிழாத் துணிப் பதாகையால் அதைத் துடைத்தார். ஓடிவந்த ஆட்டுக்கார அம்மாளிடம் தாயையும் பிள்ளையையும் ஒப்படைத்து, "இதை யார்கிட்டயாவது சொன்னே, பார்" என்றார். இரண்டாம் மாடிக்காரருக்குத் தெரிந்தால் தேர்தல் என்ன ஆவது? நாலு நாள் கழித்து, காய்ந்துகிடந்த அழுக்கையெல்லாம் ஜன்னலைக்கூடத் திறக்காமல் தானே ரகசியமாகப் பெருக்கித் தள்ளினார். அறை முழுக்கத் தூசி. அதை முழுக்க அவரே சுவாசித்தார்.

இதையெல்லாம் டிரைவரிடம் சொன்னார். குட்டியின் காது எப்படி இருந்தது என்பதுவரை சொன்னார்.

அடுத்து எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரலில் நிழல் தட்டியது. டாக்டர், செயலாளரின் மனைவியை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "எதனால காய்ச்சல்னே பிடிபடலைம்மா. இப்படியே போனா தீவிர சிகிச்சைக்கு மாத்த வேண்டி வரும்." அவள் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவது கதவிடுக்கில் செயலாளருக்குத் தெரிந்தது. செத்துவிடுவோமோ என்று முதல்முறையாகப் பயந்தார். இனி சொல்லிவிடுவது என்று தீர்மானம்கூடச் செய்தார். டாக்டர் திரும்பி வந்தார்.

"எப்படி இருக்கு?"

"பரவாயில்லை டாக்டர்."

பழக்கம்.

நல்லவேளை, பார்வையாளர் நேரம் அது. ஆட்டுக்கார அம்மாள் கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தாள். டாக்டரையும் பார்த்தாள். பார்த்தும் வாயை அடக்கிக்கொள்ளவில்லை.

"அண்ணே, உங்க கையால பொறந்த குட்டி துள்ளிக் குதிக்குதுண்ணே. செயலாளர்னுதான் பேர் வச்சிருக்கோம்."

டாக்டர் மெதுவாகத் திரும்பினார். "யார் கையால?"

அவ்வளவுதான், அணை உடைந்தது. டிரைவர் எழுந்து உட்கார்ந்து காதுவரை கதையைச் சொன்னார். டீக்காரர் ஆணியைச் சொன்னார், கூட்டுகிற அம்மாள் மெத்தையைச் சொன்னாள், மனைவி இருமலைப் போட்டு உடைத்தாள். வேலை விஷயமாக எட்டிப் பார்த்த லிப்ட்காரரும் தன் பங்குக்கு முறுக்கிப் பிழிந்தார். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார்.

"ஆடு இருக்கான்னு உங்களைக் கேட்டேனே?"

"வரக் கூடாதுன்னுதான் டாக்டர் சொன்னேன். வரலைன்னு சொல்லலையே."

க்யூ காய்ச்சல் என்றார் டாக்டர். ஆடு, மாடு ஈனும்போது வெளிவரும் கழிவில் அந்தக் கிருமி இருக்கலாம், அது காய்ந்து தூசியோடு மூச்சில் ஏறும், தலைவலியும் வேர்வையும் இருமலுமாக ஆளைப் போட்டுவிடும் என்றார். ரத்தத்தைத் தனிப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவுக்குக் காத்திராமல் மாத்திரையையும் அன்றே தொடங்கினார். சில நாளில் காய்ச்சல் இறங்கியது. பிறகு வந்த முடிவும் அதையேதான் சொன்னது.

மாத்திரை தொடங்கிய அன்றே, வார்டை விட்டுப் போகுமுன் டாக்டர் ஆட்டுக்கார அம்மாளையும் விடவில்லை. "உங்களுக்கு உடம்பு எப்படிம்மா இருக்கு?"

அவள் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள். "எனக்கென்ன டாக்டர், நல்லாருக்கேன்."

டாக்டர் வாசலைத் தாண்டினார். அவள் கட்டில் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தாள். "ரெண்டு நாளா தலை வெடிக்குதுண்ணே. ராத்திரியெல்லாம் குளிர்."

செயலாளர் போர்வையை உதறிவிட்டு எழுந்தார். இத்தனை நாள் எழுப்பாத குரலை எழுப்பினார். "டாக்டர், இங்க வாங்க. இந்தம்மா பொய் சொல்றாங்க." அடுத்தவர் குறையை உரிய இடத்தில் தெரிவிப்பது என்றால் அவருக்குக் கூச்சமே கிடையாது. அந்தக் குணத்தால்தான் அவள் பிழைத்தாள் என்று டிரைவர் இன்றும் சொல்வார்.

தேர்தலில் அவரே ஜெயித்தார். பலகை வாசலில் அப்படியேதான் தொங்குகிறது. அடியில் மட்டும் சின்ன எழுத்தில் 'பிரசவ அவசரம் தவிர' என்று சேர்த்திருக்கிறது.

நீங்கள் இந்த இனமில்லை, தெரியும். உங்களுக்கு ஆடு கிடையாது, பலகை கிடையாது. ஆனால் போன தடவை டாக்டர் உங்களிடம், "தினமும் நடக்கிறீங்களா?" என்று கேட்டார் அல்லவா? நீங்கள் என்ன சொன்னீர்களோ, எனக்குத் தெரியாது. உங்களோடு வந்திருந்தவர் அந்த நேரம் பார்த்து ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்?