சுண்ணாம்பு பாஸும் மூன்றாம் தூணும்

உலகத்தில் ஒரு பாலத்துக்காக அதிகமாகக் கெட்ட வார்த்தை பேசிய மனிதர் யார் என்று போட்டி வைத்தால், எங்கள் சுண்ணாம்பு பாஸ்தான் முதலாவதாக வருவார். இரண்டாவதாக வருபவர் அவர் பக்கத்தில் நின்று கேட்டவராக இருப்பார். காலையில் பாலத்தடியில் அவர் திட்டத் தொடங்கினால், எதிர்மலைத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் பெரட்டுக்கு, அதாவது காலைப் பேர்பதிவுக்கு, கிளம்புவார்கள். அந்தத் தோட்டத்தில் சங்கு ஊதுவதையே நிறுத்திவிட்டதாகச் சொல்வார்கள். அதில் பாதியைத்தான் நான் நம்புகிறேன்.

ஹட்டனுக்கு மேலே, உல்லாசப் பயணிகளுக்காகப் பழைய ரயில் ஓடும் சின்னக் கிளைப்பாதை ஒன்று இருக்கிறது. அதில் ஏழு வளைவுகள் கொண்ட கருங்கல் பாலம். அந்தப் பாலத்தைப் பழுதுபார்க்கும் மேசன் அவர். மேசனை எங்கள் பக்கத்தில் பாஸ் என்போம். சுண்ணாம்பு என்ற பட்டம், சீமெந்தின் மேல் அவருக்கிருந்த பகையால் வந்தது.

"கல்லுக்கும் மூச்சு இருக்கு. சுண்ணாம்புச் சாந்து வச்சா குடிச்ச தண்ணிய வெளிய விடும். சீமெந்து பூசுனா உள்ளுக்குள்ளயே ஊறிச் சாகும்" என்பார். குழைத்த சுண்ணாம்பை நாக்கு நுனியில் வைத்துப் பதம் பார்ப்பார். சீமெந்துத் தரை போட்ட வீட்டில் கல்யாணம் என்றால், வாசலில் நின்றே சாப்பிட்டுவிட்டு வருவார்.

அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் மூன்றே சொல்: "யூ. டவுன். நவ்." ஒருநாள் கைப்பிடிச் சுவரில் படுத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்து அந்த மூன்றையும், மிச்சத்தைத் தமிழிலும் கத்தினார். அவள் இறங்கி வந்து, கைகூப்பி, அவரோடு ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அதிலும் அவர் வாய் திறந்தபடிதான் இருக்கிறது.

நான் அந்தப் பாதையின் ஆபீஸில் கிளார்க். எங்கள் குடும்பத்தில் கொழுந்துக்கூடை தூக்காமல் பேனா பிடித்த முதல் ஆள். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். வேலையில் சேர்ந்த முதல் நாள், மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, முழங்கால்வரை சேறோடு பாஸ் வந்து நின்றார்.

"ஏங்க கிளாக்கரம்மா, சிங்களம் எழுத வருமா?"

"வரும்."

"அப்ப எழுதுங்க. மூணாந்தூணுல அரசங்கன்னு மொளச்சிருக்கு. வேரு கல்லுக்குள்ள போயிருச்சு. நாலு தடவ சொல்லியாச்சு. காதுல என்னாடா வச்சிருக்கீங்க, மடையனுங்களா? அப்புடியே எழுதுங்க."

நான் எழுதியதை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்: மூன்றாம் தூணில் கன்று ஒன்று முளைத்திருப்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்.

"இதுல மடையனுங்க எங்க?"

"அப்படியெல்லாம் எழுத முடியாது பாஸ்."

"அப்ப பதிலும் வராது."

வரவில்லை. அதன்பிறகு அவர் சொல்லச் சொல்ல இன்னும் ஐந்து, மொத்தம் ஆறு கடிதம் எழுதினேன். ஆறிலும் அவருடைய கோபத்தைக் கழுவித் துடைத்துக் காயவைத்துத்தான் அனுப்பினேன். எனக்கு என் மேசை முக்கியம்.

அரசங்கன்று லேசான எதிரி அல்ல. எங்களுக்கு அது சாமி. சிங்கள அயலவர்களுக்கு அது போதி. அதனால் வேலையாட்கள் ஒவ்வொரு தடவையும் சாரத்தில் ஏறி, கன்றைக் கும்பிட்டு, தலையை மட்டும் கிள்ளிவிட்டு இறங்கினார்கள். வேரைத் தொடுவது பாவம். தலையைக் கிள்ளக் கிள்ள வேர் தடித்தது. பாவத்துக்குப் பயந்தே அதை என் மணிக்கட்டுத் தடிமனுக்கு வளர்த்துவிட்டார்கள். பிறகு யாரோ மஞ்சள் துணி கட்டினார்கள். தூணடியில் ஒரு விளக்கும் வந்தது.

அந்த நேரத்தில் கொழும்புத் தலைமை ஆபீஸிலிருந்து பெரியவர் ஒருவர் வந்தார். பயணிகள் நின்று பாலத்தைப் பார்க்க ஒரு மேடை கட்டியிருந்தார்கள். அதன் திறப்பு விழாவுக்கு ஏற்பாடு செய்ய வந்தவர், மேடையில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்து மூன்று உத்தரவு போட்டார். வெடிப்புகளுக்குச் சீமெந்து. மேடைக்குத் தெரியும் பக்கம் மட்டும் புதுப்பூச்சு. மரம் அப்படியே இருக்கட்டும், படத்தில் அழகாக விழும்.

'மரபுரிமை' என்ற சொல்லை அன்று அவர் எத்தனை தடவை சொன்னார் என்று எண்ணத் தொடங்கி, எரிச்சலில் விட்டுவிட்டேன். நான் பிறந்த லயத்துக்கும் அந்தப் பாலத்தின் வயதுதான். பாலத்துக்குக் கல் சுமந்தவர்கள் படுத்துத் தூங்கிய காம்பறாக்கள் அவை. அவற்றை யாரும் மரபுரிமை என்று சொன்னதில்லை. கூரை ஒழுகுகிறது என்றால், தகரத்தின் மேல் கல்லைத் தூக்கி வை என்றார்கள்.

பாஸ் சாந்துக் கரண்டியைப் போட்டுவிட்டுக் கிளம்பினார். நேராகக் கோயில் பூசாரியிடம் போனார். அங்கிருந்து பன்சலைக்குப் போய்ப் பிக்குவிடம் கேட்டார். இருவரும் ஒன்றையே சொன்னார்கள்: வேர் அறாமல் எடுத்து நல்ல இடத்தில் நடு. பூசாரி தேங்காய் உடைத்தார். பிக்கு பிரித் ஓதினார். பாஸ் உளியோடு சாரத்தில் ஏறினார்.

மூன்று நாள் குடைந்தார். என்னையும் பெரியவரையும் பெற்ற தாயையும் ஒரே குரலில் திட்டுகிற மனிதர், அந்த மரத்தோடு பேசியதை நான் கீழே நின்று கேட்டேன்.

"மன்னிச்சுக்கங்க சாமி. கொஞ்சம் கால எடுத்துக்கங்க. எம்புட்டு மலை கெடக்கு, ஒங்களுக்கு வேற எடமாங்க கெடைக்கல?"

மூன்றாம் நாள் கன்றைச் சுண்ணாம்பு வாளியில் வைத்து இறக்கினார். நல்ல இடமும் பார்த்து வைத்திருந்தார். ஆபீஸ் வாசலில் பெரியவரின் ஜீப் நிற்கும் இடத்துக்குச் சரியாக நடுவில் நட்டார். மத்தியானத்துக்குள் மஞ்சள் துணி, விளக்கு, சுற்றிலும் மூங்கில் வேலி எல்லாம் வந்துவிட்டன. மறுநாள் ஜீப் வந்தது. சாரதி இறங்கி மரத்தைக் கும்பிட்டுவிட்டு, வண்டியைக் கீழே ரோட்டு வளைவுக்குக் கொண்டுபோனான். பெரியவர் மழையில் வழுக்கி வழுக்கி மேலே ஏறி வந்தார். அந்த மரத்தை இனி அவர் மட்டுமல்ல, யாரும் பிடுங்க முடியாது.

அடுத்த வாரம் பாஸுக்குக் கடிதம் வந்தது. அனுமதியின்றி மரபுரிமைச் சொத்தைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் தரவேண்டும். சுண்ணாம்பு அனுப்பப்பட மாட்டாது. தூணின் ஓட்டையைச் சீமெந்தால் மூடவேண்டும், இல்லாவிட்டால் வேலை போகும். வெளியே பெருமழை தொடங்கியிருந்தது.

பாஸ் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். திட்டவில்லை.

"நீங்களே ஏதாச்சும் பணிவா எழுதிருங்க புள்ள."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல? தோட்டத்து ஆபீஸ் வாசலில் தலைத்துணியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு என் அப்பா பேசிய அதே குரல். இந்த மனிதருக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்தது? ஆறு கடிதம் எழுதி அதை நானேதான் அவருக்குப் பழக்கிவிட்டேனோ என்று நினைத்ததும் உட்கார முடியவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறினேன்.

"ஏய், எறங்கு! விழுந்தா ஒங்கப்பனுக்கு நானா பதில் சொல்றது?" பாஸுக்குக் குரல் திரும்பிவிட்டது.

ஓட்டைக்குள் கையை விட்டேன். தோள்வரை போனது. உள்ளே கற்களுக்கு நடுவே சாந்தே இல்லை. வேர் தின்ற இடமெல்லாம் ஈரமண். விரல்களுக்கு இடையே தண்ணீர் ஓடியது.

இறங்கி வந்து ஏழாவது கடிதத்தை எழுதினேன். கை எவ்வளவு உள்ளே போனது, இதைச் சீமெந்தால் மூடினால் உள்ளே தேங்கும் தண்ணீர் எந்தக் கல்லைத் தள்ளும், அப்போது பாலத்தின் மேல் யார் இருப்பார்கள், எல்லாவற்றையும் சுத்தமான சிங்களத்தில் எழுதினேன். பாஸ் சொன்ன எந்தச் சொல்லையும் கழுவவில்லை. கடைசி வரியில் அவருடைய மடையனுங்க, சிங்களத்தில் 'மோடயோ'வாக இருந்தார்கள். அவர் கையெழுத்துக்குக் கீழே, எழுதியவர் என்று என் பெயரை முழுதாகப் போட்டேன்.

நான்காம் நாள் தலைமை எஞ்சினியரே வந்துவிட்டார். "யார் இதை எழுதியது?" என்று சிங்களத்தில் கேட்டார். நான்தான் என்றேன். முறைத்துவிட்டுப் போய்ச் சாரத்தில் ஏறினார். இறங்கும்போது அவருடைய வெள்ளைச் சட்டைக்கை தோள்வரை சேறு. அன்றே ரயிலை நிறுத்தினார்கள். விழாவைத் தள்ளிப்போட்டார்கள். நீற்றிய சுண்ணாம்பு லொறியில் வந்தது.

ஓட்டையைப் பாஸ் தன் கையாலேயே நிரப்பினார். ஆனால் மேலே இருப்பவர்கள் எதையும் மறப்பதில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அவருக்குக் கொழும்பு ஸ்டோருக்கு இடமாற்றம். அங்கே அவருக்கு என்ன வேலை என்று நினைக்கிறீர்கள்? சீமெந்து மூட்டைகளைக் காவல் காப்பது. இதை யோசித்துக் கண்டுபிடித்தவன் எவனோ, அவன் நல்லாவே இருக்கக்கூடாது.

இப்போது வானொலியில் மலையகத்தில் மழை என்று சொன்னால் போதும், என் போன் அடிக்கும்.

"மூணாந்தூண் ஒழுகுதா?"

"ஒரு சொட்டு இல்ல பாஸ்."

"நேர்ல பாத்தியா, இல்ல மேசையில ஒக்காந்துக்கிட்டுப் புளுகுறியா?"

"குடையோட தூணடியிலதான் நிக்கிறேன்."

"காச்சல் வந்து சாகவா? போ உள்ள, மடச்சி!"

வெயில் காலத்தில் நான்தான் அவருக்குப் போன் போடுகிறேன். அவரிடம் திட்டு வாங்காமல் ஒரு வாரம் போனால், எனக்கு எங்கேயோ ஒழுகுவது போல இருக்கிறது.