கிராஃப் அண்ணாச்சியும் படுக்காத கோடும்

சங்கரன்கோவிலில் சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் கிராஃப் அண்ணாச்சிதான். டைல்ஸ் கடை மாடியில் இருக்கும் எங்கள் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் அவர் டெஸ்டர். நான் எழுதும் புரோகிராமில் பிழை கண்டுபிடிப்பதுதான் வேலை. அதை விரதம் மாதிரிச் செய்வார்.

அன்றன்று சிக்கிய பிழைகளை முந்தின நாள்வரையிலான கணக்கோடு கூட்டி, சுவரில் ஒட்டிய சார்ட்டில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார். "கோடு ஏறுதுன்னா உள்ள இன்னும் கெடக்குன்னு அர்த்தம் மக்கா. ஏறாமப் படுக்கணும். அப்பதான் வெளிய விடலாம்." நான் ஒன்றைத் திருத்திவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தால், "இதைத் திருத்துனதுல புதுசா எத்தனை பொறந்திருக்கோ!" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட, "ஒரு பஜ்ஜியை வச்சு எப்படி முடிவு பண்ண?" என்று தட்டுத் தட்டாகக் கேட்டார். அந்தச் சம்பந்தம் அதோடு போச்சு.

புளியங்குடி எலுமிச்சை வியாபாரிகளுக்கு ஏல ஆப் செய்தோம். முதலாளி திறப்பு விழாவுக்குப் பந்தல்வரை சொல்லிவிட்டார். கோடோ ஏறிக்கொண்டே இருந்தது.

"எப்பதான் வே படுக்கும் உம்ம கோடு?"

"நான் என்ன செய்ய மொதலாளி? உள்ள கெடக்கதுதான வெளிய வருது."

மறுநாளே அண்ணாச்சியை அழைப்பிதழ் கொடுக்கக் குருவிகுளம், கரிவலம்வந்தநல்லூர் என்று ஊர் ஊராக விரட்டினார் முதலாளி. டெஸ்ட் செய்ய ஆளில்லை, பிழையும் சிக்கவில்லை. முதலாளியே ஸ்கேல் வைத்துக் கோட்டை நேராக நீட்டினார். அண்ணாச்சி திரும்பி வந்ததும், "பாரும் வே, படுத்துட்டு!" என்றார்.

"தேடாம இருந்தா எப்படிச் சிக்கும்? இதை வெளிய விடாதீங்க மொதலாளி, நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் அண்ணாச்சி. யார் கேட்டார்கள்?

விழா அன்று முதல் ஏலத்திலேயே ஒருவர் மூட்டை இன்னொருவர் பெயரில் ஏறியது. சந்தையில் வியாபாரிகள் முதலாளி வேட்டியை உருவாத குறை. "எங்க டெஸ்டர் ஒழுங்காப் பாக்கலை" என்று மைக்கிலேயே சொன்னார் முதலாளி, கொஞ்சமும் கூசாமல். சாயங்காலமே அண்ணாச்சிக்கு வேலை போயிற்று. முதலாளிக்கு அடுத்த மாதம் ஏதோ ஒரு சங்கத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். நல்லா இருக்கட்டும்!

கிளம்பும்போதும் மனிதர் என் மேசைக்கு வந்து, "ஏலே, மூட்டை பேரு மாறுனதைத் திருத்துனியே, புதுசா ஏதும் பொறந்திருக்கான்னு பாத்தியா?" என்று கேட்டுவிட்டுத்தான் படியிறங்கினார்.

அவர் நாற்காலியில் இப்போது டீ ஃபிளாஸ்க் இருக்கிறது. என் புரோகிராமை எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். உங்களை மாதிரி அக்கறையாகச் சந்தேகப்பட எனக்கு இங்கே ஒருத்தருமில்லை, அண்ணாச்சி.